ஐம்பதுக்கு மேல் பைக்: தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா?

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" வீட்டில் இந்தக் கேள்வி ஒருமுறை விழுந்துவிட்டால் பேச்சு இரண்டே பக்கம்தான் போகும். ஒரு பக்கம் சாவியை ஒளித்துவைப்பார்கள். மறுபக்கம் "முப்பது வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகாது" என்று மீசையைத் தடவுவார்கள். இரண்டு பக்கத்திலும் கணக்கு என்று ஒன்று கிடையாது. இது கணக்குப் பார்த்து முடிவெடுக்கக்கூடிய விஷயம்.

ஞாயிறு விடியற்காலை சென்னையின் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) டீக்கடைகளில் நிற்கும் ரைடர்கள் ஹெல்மெட்டைக் கழற்றும்போது பாருங்கள், பலருக்குத் தலை நரைத்திருக்கும். இவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. அதே பைக்கைப் புதிய கட்டுப்பாடுகளோடு தொடர்வது, எடை குறைந்த பைக்குக்கு மாறுவது, சாலையை விட்டுவிட்டு டிராக்குக்கு (பந்தயத் தடத்துக்கு) போவது, முழுதாக விட்டுவிடுவது. யாரும் தேர்ந்தெடுக்காமலே பெரும்பாலானோர் போய்ச் சேரும் ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு: விடவும் மாட்டார்கள், ஒழுங்காக ஓட்டவும் மாட்டார்கள். பைக் மூன்று மாதம் கவருக்குள் கிடக்கும், பொங்கல் லீவில் திடீரென்று புதுச்சேரி கிளம்பும். ஐந்தில் மோசமானது இதுதான். காரணத்துக்குப் பிறகு வருவோம்.

வயது எங்கெங்கே கை வைக்கிறது

முதலில் கண். வயதாக ஆகக் கண்பாவை சுருங்குகிறது, விழிலென்ஸ் மங்குகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போகிறது. பகலில் இது தெரியாது. இரவு ஏழரை மணிக்கு ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) எதிர்வண்டி எல்இடி ஹைபீம் அடிக்கும்போது தெரியும்: விளக்கைச் சுற்றி ஒரு வளையம், அதற்குப் பின்னால் சில நொடிகளுக்கு ஒன்றுமே இல்லை. கண்புரை தொடங்கியிருந்தால் இந்த வளையம் இன்னும் பெரிது.

அடுத்தது அரை நொடி. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. முடிவெடுக்க அரை நொடி கூடுதலாக ஆனால் பிரேக்கில் விரல் படுவதற்கு முன்பே 11 மீட்டர் போயிருக்கும். அது இரண்டு கார் நீளத்துக்கும் மேல். அதே அரை நொடி 50 கி.மீ. வேகத்தில் 7 மீட்டர். வயது தின்னும் நேரத்தை வேகத்தைக் குறைத்துத் திருப்பி வாங்கலாம். வேறு எதைக் கொடுத்தும் வாங்க முடியாது.

மூன்றாவது, விழுந்தால் என்ன ஆகும் என்பது. இருபத்தைந்தில் விலா எலும்பு உடைந்தால் ஆறு வாரம் வலி. அறுபத்தைந்தில் அதே விலா ஆழமாக மூச்சுவிட முடியாமல் செய்து நிமோனியா வரை இழுத்துக்கொண்டு போகும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள், அதாவது ஸ்டென்ட் வைத்து குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர், வார்ஃபரின் சாப்பிடுகிறவர் இவர்களுக்குத் தலையில் சின்ன அடிபட்டால்கூட மூளைக்குள் ரத்தக்கசிவு அபாயம் அதிகம். அதனால் "ரத்தம் வரலையே, பரவாயில்லை" என்று எழுந்து வந்துவிடக் கூடாது. மாத்திரையின் பெயரைச் சொல்லி சிடி ஸ்கேன் தேவையா என்று அன்றைக்கே கேட்க வேண்டும். அந்தப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி ஜாக்கெட் உள்பாக்கெட்டில் வைத்திருப்பது ஹெல்மெட்டுக்கு அடுத்த பாதுகாப்பு.

நான்காவது யாரும் கவனிக்காதது, பாதம். பத்து வருடம் சுகர் இருந்தவர்களில் பலருக்குப் பாத நரம்பு மரத்துப்போயிருக்கும். வீட்டில் செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பவருக்கு ரியர் பிரேக் பெடலில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. டாக்டர் பாதத்தில் நைலான் இழையைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இரண்டு நிமிட வேலை. அதில் தவறினால் கியர் வண்டியைப் பற்றிய முடிவு ஏறக்குறைய அங்கேயே ஆகிவிடுகிறது.

பார்க்கிங்கில் அரை மணி நேரம்

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன், அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கிலேயே செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகள் உண்டு. எஞ்சினை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் காலில், எதையும் பிடிக்காமல், பத்து நொடி நில்லுங்கள். பிறகு மற்ற கால். சிக்னலில் நிற்கும்போது வண்டியைத் தாங்குவது இந்தக் கால்தான்.

வண்டியில் உட்கார்ந்து, தோளைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பி, பின்பக்க இண்டிகேட்டரைப் பார்க்க முடிகிறதா? முடியவில்லை என்றால் லேன் மாறும்போது பக்கவாட்டில் ஒரு ஆட்டோ முழுதாக மறைந்திருக்கும். குவிந்த கண்ணாடி ஓரளவு உதவும், ஆனால் அதில் வண்டிகள் இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும்.

வண்டியைப் பின்னோக்கித் தள்ளி, சரிவில் பாதி ஏற்றி, நிறுத்தி, மெயின் ஸ்டாண்ட் போடுங்கள். மூச்சு வாங்குகிறதா, முழங்கால் பேசுகிறதா என்று பாருங்கள். வயதானவர்களின் பைக் விழுவது பெரும்பாலும் 80 கி.மீ. வேகத்தில் அல்ல, பூஜ்யம் வேகத்தில்: யூ-டர்ன் அடிக்கும்போது, பெட்ரோல் பங்கில், மணல் மேல் கால் வழுக்கி. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. அது 10 டிகிரி சாயும்போது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைக்கு வரும் பாரம் தோராயமாக 15 முதல் 20 கிலோ, பிடித்துவிடலாம். 30 டிகிரியில் 50 கிலோவைத் தொடுகிறது. அந்த இடத்தில் பிடிக்கப் பார்ப்பதுதான் தோளைக் கிழிக்கிறது, காலை அடியில் மாட்டவைக்கிறது. கை தாண்டிப் போய்விட்ட வண்டியை விட்டுவிட்டு விலகுங்கள். கிராஷ் கார்டு எதற்கு இருக்கிறது.

கடைசிச் சோதனைக்குச் சாலை வேண்டும். ஓஎம்ஆருக்கு உள்ளே, மனை பிரித்துத் தார் போட்டு இன்னும் வீடு வராத லேஅவுட் சாலைகள் நிறைய உண்டு. ஞாயிறு காலை அங்கே போய் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மணிக்கு 40-இல் வந்து, கோட்டில் பிரேக் பிடித்து, எங்கே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். காய்ந்த தாரில் நல்ல டயரோடு 10–11 மீட்டரில் நிற்க வேண்டும். 15 மீட்டருக்கு மேல் போகிறது என்றால் பிரேக்கில் கோளாறு இருக்கலாம். அதைவிடப் பெரும்பாலும், முன் பிரேக்கை அழுத்தப் பயந்து கை பாதியில் நின்றிருக்கும். இது பழகினால் சரியாகிற குறை. மூன்று ஞாயிறு, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை. முதல் கால் நொடியில் மெல்ல அழுத்தம் கொடுத்து, முன்பக்க சஸ்பென்ஷன் அமுங்கியதும் முழுதாக அழுத்த வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் சக்கரம் பூட்டிக்கொள்ளுமோ என்ற பயம் குறைவு. பழைய வண்டி என்றால் அந்தப் பயம் நியாயமானது.

அதே பைக், புதுக் கட்டுப்பாடு

சோதனைகளில் தேறியவர்களுக்கு இந்த வழி போதும். ஆனால் "கவனமா ஓட்டுறேன்" என்பது கட்டுப்பாடு ஆகாது. எழுதி வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

சூரியன் வந்த பிறகு கிளம்பி பத்து மணிக்குள் வீடு. இந்த ஒரு விதியே இருட்டு, வெயில், குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் என்று மூன்றையும் ஒரே அடியில் வெட்டிவிடும். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்வர ஏறக்குறைய 90 கி.மீ. இடையில் ஒரு நிறுத்தம், அங்கே ஒன்று, திரும்பும்போது ஒன்று. முட்டுக்காடு பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும். கோவளத்துக்கு அருகே வளைவுகளில் மெல்லிய மணல் படிந்திருக்கும். இரண்டு இடத்திலும் வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும்.

சாப்பாடு தனிக் கதை. "மகாபலிபுரத்துல டிபன் சாப்பிட்டுக்கலாம்" என்று வெறும் வயிற்றில் ஐந்தரைக்குக் கிளம்புவது இந்த ரைடுகளின் சம்பிரதாயம். சுகருக்குக் கிளிமெபிரைடு மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதைச் செய்யவே கூடாது. சுகர் இறங்கும்போது முதலில் போவது நிதானம், அதனால் இறங்குவது அவருக்கே தெரியாது. கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் 90-க்குக் கீழே காட்டினால் சாப்பிட்டுவிட்டு, ஏறியிருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டுத்தான் சாவி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பார்ப்பது. டேங்க் பையில் குளுக்கோஸ் மாத்திரை. பிபிக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மே மாத ஜாக்கெட் இன்னொரு ஆபத்து: நீர்ச்சத்து இறங்கி, வண்டியிலிருந்து இறங்கி நிற்கும் நொடியில் தலை சுற்றும். மெஷ் ஜாக்கெட், அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர்.

மூக்குக்கண்ணாடி: ப்ரோக்ரஸிவ் லென்ஸ் ஆபீஸுக்கு நல்லது, பைக்குக்கு அல்ல. கீழ்ப்பகுதி கிட்டப்பார்வைக்கானது என்பதால் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பள்ளம் மங்கலாகவும் இடம் மாறியும் தெரியும். ஹெல்மெட் இடித்து மூக்குக்கண்ணாடி மேலே ஏறிவிட்டால் இன்னும் மோசம். தூரப்பார்வைக்கு மட்டும் தனியாக ஒன்று, காது மேல் நேராக உட்காரும் மெல்லிய கம்பிச் சட்டத்தில், எதிரொளி தடுக்கும் பூச்சோடு செய்துகொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் எண் சற்று மங்கும். முள் எங்கே நிற்கிறது என்பது தெரிந்தால் போதும்.

கூட்டமாகப் போவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முப்பது வயதுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்போடு போனால் அவர்கள் வேகத்துக்கு இழுபடாமல் இருக்க யாராலும் முடியாது. பின்னால் விழுந்துவிட்டோம் என்ற கூச்சம் வலதுகையைத் தானாகத் திருகும். ஒன்று, வேகத்தை நீங்களே வைக்கிற மாதிரி முன்னால் போகவேண்டும். இல்லையென்றால் சந்திக்கும் இடத்தை மட்டும் பேசிக்கொண்டு தனியாகப் போய்ச் சேரலாம்.

எடை குறைந்த பைக்

எங்கள் கணிப்பில் 55-லிருந்து 70 வரை உள்ள பெரும்பாலோருக்குப் பொருந்துவது இதுதான். ஆனால் இதில்தான் தப்பான பொருளை வாங்கிவருவதும் அதிகம்.

ஹண்டர் 350-இன் எடை 181 கிலோ. கிளாசிக்கிலிருந்து அதற்கு மாறுவது 14 கிலோ மிச்சம், அதாவது வீட்டு சிலிண்டர் ஒன்றுக்குள் இருக்கும் கேஸின் எடை. ஷோரூமில் பெரிதாகத் தெரியும், பங்கில் வண்டி சாயும்போது தெரியாது. உண்மையான வித்தியாசம் 125 சிசி ரகத்தில்தான் தொடங்குகிறது. டிவிஎஸ் ரைடர் 123 கிலோ, ஹோண்டா ஷைன் அதைவிடவும் குறைவு. புல்லட் ஓட்டிய கைக்கு இவை சைக்கிள் மாதிரி. கௌரவம் கொஞ்சம் அடிபடும்தான். காலை 60 கி.மீ. வேகத்தில் நீலாங்கரை தாண்டிப் போவதற்கு இந்த எஞ்சின் தாராளம்.

மீட்டியோர் 350 வேறு மாதிரியான பதில். எடை 191 கிலோ, ஆனால் சீட் உயரம் 765 மி.மீ. ஐந்தேகால் அடி ஆளுக்கும் இரண்டு உள்ளங்காலும் முழுதாகத் தரையில் படும். இடுப்பு, முழங்கால் நன்றாக இருந்து உயரம் மட்டும் பிரச்சினை என்றால் இதைப் பாருங்கள். சீட்டின் பஞ்சைச் செதுக்கி 20–30 மி.மீ. இறக்கித் தரும் சீட் கடைக்காரர்களும் இருக்கிறார்கள், அது நல்ல வழி. சஸ்பென்ஷன் லிங்கை மாற்றி வண்டியையே இறக்குவது அப்படியல்ல. சைடு ஸ்டாண்டின் நீளம் பழையபடியே இருக்கும், வண்டி ஏறக்குறைய நேராக நிற்கும், யாரோ லேசாக இடித்தால் மறுபக்கம் விழும்.

ஹேண்டில்பாரை 25 மி.மீ. உயர்த்தும் ரைசர் முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் பெரிய நிம்மதி. மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது திருப்பினால் ஆர்பிஎம் ஏறுகிறது என்றால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அப்படியே ஓட்டினால் யூ-டர்னில் வண்டி தானாகப் பாயும். பெருவிரல் அடிமூட்டில் தேய்மானம் இருந்து கிளட்ச் பிடிக்க வலிக்கிறவர்கள், லீவரை லேசாக்கும் ஸ்லிப்பர் அசிஸ்ட் கிளட்ச் உள்ள மாடலை ஓட்டிப் பார்த்து வாங்கலாம்.

எடை குறைவு என்றாலே சாது என்று நினைத்துவிடக் கூடாது. கேடிஎம் 390 டியூக் 168 கிலோதான், கிளாசிக்கைவிட லேசு. ஆனால் 40 குதிரைத்திறனுக்கு மேல், அதாவது இரண்டு மடங்கு. ஐம்பத்தெட்டில் அதை வாங்குவது எடைக் குறைப்பு ஆகாது, மகனுடைய ஆசையை நாம் நிறைவேற்றிக்கொள்வது.

பலர் ஸ்கூட்டருக்கு வருகிறார்கள். கிளட்ச் இல்லை, கால் தூக்கிப் போடவேண்டாம், எடை நூற்றுச் சொச்சம் கிலோ. ஊருக்குள் இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஆக்டிவாவின் முன்சக்கரம் 12 அங்குலம், பின்சக்கரம் 10. கிளாசிக்கில் முன்னால் 19. மழைக்குப் பிறகு மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் அந்த 19 அங்குலம் உருண்டு ஏறிப்போகும் பள்ளத்தில் 10 அங்குலம் உட்கார்ந்துவிடும். ஸ்கூட்டரில் ஈசிஆர் லாங் ரைடு போவதைப் பாதுகாப்பான மாற்று என்று நாங்கள் சொல்லமாட்டோம். இரண்டு வண்டிக்கு இடமும் காசும் இருந்தால் ஊருக்குள் ஸ்கூட்டர், ஞாயிற்றுக்கிழமைக்கு 125.

இருங்காட்டுக்கோட்டை

சென்னைக்காரர்களுக்கு வாய்த்த ஒரு வசதி, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பந்தயத் தடம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது, நீளம் 3.717 கி.மீ. முன்பெல்லாம் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள் 1990-இல் இங்கே வந்தன. எதிரே பஸ் வராது, நாய் குறுக்கே ஓடாது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

அதனால் "ரோட்டை விட்டுட்டேன், டிராக்ல மட்டும்தான்" என்பது அறிவாளித்தனமாகத் தெரியும். பாதி சரி. வேகம் அங்கே இரண்டு மடங்கு. 2023 ஜனவரியில் அங்கே கார் பந்தயத்தில் இறந்தவர் 59 வயது அனுபவசாலி. அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் இறந்தது 13 வயதுச் சிறுவன். தடம் வயதையும் பார்ப்பதில்லை, அனுபவத்தையும் பார்ப்பதில்லை. காசு விஷயத்தில் இன்னொரு சிக்கல்: வழக்கமான வாகன பாலிசி பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பொருந்தாது. டிராக்கில் விழுந்த வண்டி உங்கள் செலவு.

ஆனாலும் ஒரு பயன் உண்டு. பயிற்சிப் பள்ளிகள் நடத்தும் ஒருநாள் வகுப்பில் சேர்ந்து பிரேக்கும் வளைவும் திருத்திக்கொண்டு வாருங்கள். பதினைந்து இருபது நிமிட அமர்வுகள்தான், ஆனால் லெதர் சூட்டுக்குள் சென்னை வெயில். மதியத்துக்குப் பிந்தைய அமர்வுகளில்தான் களைப்பு தவறாக மாறும். அவற்றை விட்டுவிடுவதில் வெட்கம் இல்லை. முதல் வழிக்குத் துணையாக டிராக் நல்லது, முதல் வழிக்கு மாற்றாக அல்ல.

எப்போதாவது எடுப்பது

இப்போது அந்த ஐந்தாவது. "குறைச்சுட்டேன், வருஷத்துக்கு ரெண்டு மூணு ரைடுதான்" என்பதைக் கேட்கும் வீட்டாருக்கு நிம்மதி. ஓட்டுகிற தூரம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது மொத்தக் கணக்குக்குச் சரி, அந்த இரண்டு மூன்று ரைடுகளுக்குச் சரியில்லை.

பிரேக் பிடிப்பது கைப்பழக்கம். மூன்று மாதம் காரே ஓட்டியவருக்கு ஆபத்து நேரத்தில் வலதுகால் முதலில் போகும், முன் பிரேக்குக்கு விரல் தாமதமாக வரும். நிற்க வைக்கும் வலுவில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. இருபதில் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்த பழக்கம் அறுபதில் வர நாளாகும். ஆனால் ரைடோ முதல் நாளே 300 கி.மீ.

வண்டியும் ஓய்வில் கெடுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் மூன்று மாதம் நின்ற டிஸ்க்கில் துருப் படலம் இருக்கும், முதல் சில பிரேக்குகள் பிடிக்காமல் நழுவும் அல்லது திடீரென்று கவ்வும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடாத வண்டியில் டயரின் மேல்பட்டன் தேயாமல் இருப்பதால் அதை யாரும் மாற்றுவதில்லை, ரப்பர் மட்டும் உள்ளுக்குள் கெட்டியாகியிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வயது தாண்டிய டயரில் புதுச்சேரி போகாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரம் இழுத்து டேங்குக்குள் துருப்பிடிக்க வைக்கும்.

ஆகவே எங்கள் கோடு இது: வாரம் ஒருமுறை 40 கி.மீ. ஓட்ட முடியுமா? முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறைகூட எடுக்காமல் ஆறு மாதம் போய்விட்டதா? விற்றுவிடுங்கள், அல்லது 125-க்கு மாறுங்கள். 125 என்றால் காய்கறி வாங்கக்கூட எடுப்பீர்கள், கைப்பழக்கம் போகாது.

முழுதாக விட்டால்

பாத நரம்பு போனவர், ஒருமுறையாவது மயங்கி விழுந்து காரணம் தெரியாதவர், வலிப்பு உள்ளவர், எலும்பு அடர்த்தி ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்குக் கீழே இறங்கியவர் ஆகியோருக்கு மற்ற வழிகளை நாங்கள் ஒப்பிடவே இல்லை. விடுவதுதான். பின்சீட்டில் உட்கார்ந்து போவதும் சமாதானம் ஆகாது, விழுந்தால் இருவரும்தான் விழுவார்கள்.

சைக்கிளுக்குத் தாவுகிறவர்கள் நிறையப் பேர். இதயத்துக்கு நல்லது. விழுந்தால் இடுப்பெலும்பு அதே இடுப்பெலும்பு, பின்னாலிருந்து வரும் வேன் அதே வேன். சிவப்புப் பின்விளக்கைப் பகலிலும் எரியவிட்டு, ஈசிஆரை விட உள்தெருக்களில் ஓட்டினால் சரி.

வண்டி மேல் காதல், ஓட்டம் இரண்டாம்பட்சம் என்பவருக்குச் சென்னையைப் போல ஊர் கிடையாது. திருவொற்றியூரில் 1950-களிலிருந்து புல்லட் தயாரித்த ஊர் இது. பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் ஒன்றைப் பிரித்து அடுக்குவதற்கு உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் ஒரு வருடம் முழுக்க வேலை கொடுக்கும். ஆனால் கிக்கரை மறக்கவேண்டாம். டீகம்ப்ரஸரை (எஞ்சினுக்குள் அழுத்தத்தை விடுவிக்கும் லீவர்) பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் விட்டு, பிறகுதான் முழு உதை. பாதி உதை உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், தேய்ந்த முழங்காலுக்கு அந்த ஒரு அடி போதும்.

கடலும் மலையும்

இதே கணக்கு வேறு பொழுதுபோக்குகளுக்கும் பொருந்தும், சுருக்கமாகச் சொல்லலாம். கோவளத்தில் சர்ஃபிங் செய்கிறவர் நீளமான, மிருதுவான 9 அடிப் பலகைக்கு மாறுவது பைக்கில் 125-க்கு மாறுவது போல: மெதுவாக எழுந்தாலும் அலை காத்திருக்கும். கழுத்தை உடைப்பது ஆழமில்லாத மணல்திட்டு, அதனால் தலைகீழாகக் குதிப்பது எந்த வயதிலும் வேண்டாம். கடல் நீச்சலை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, நிறுத்திவிட்டு 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல்குளத்தில் 50 மீட்டர் எண்ணலாம். ஆழ்கடல் டைவிங்குக்கு நிரப்பும் உடல்நலப் படிவத்தில் 45 வயதைத் தாண்டியவருக்குத் தனிக் கேள்விகள் உண்டு. "இல்லை, இல்லை" என்று டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள். தண்ணீருக்கடியில் முதலில் திணறுவது இதயம்.

மலையில் ஏற்றம் இதயத்தைக் கேட்கும், இறக்கம் முழங்காலை. முதலாவதற்கு ட்ரெட்மில் டெஸ்ட், இரண்டாவதற்கு இரண்டு ஊன்றுகோல். நாகலாபுரம் போன்ற இடங்களில் ஆபத்து நடையில் குறைவு, பாறைக் குட்டைகளில் அதிகம். 2018 மார்ச் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு அனுமதியில்லாத பாதையில் போவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. தமிழக வனத்துறை 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடு கிடைக்கின்றன. போன வருடம் கடினத்தில் போனவர் இந்த வருடம் நடுத்தரத்தில் பெயர் கொடுப்பது நல்ல தொடக்கம்.

காகித வேலை

ஓட்டுநர் உரிமம்: 50-க்கும் 55-க்கும் இடையில் புதுப்பித்தால் 60 வயது வரை, 55-க்குப் பிறகு ஐந்தைந்து வருடம். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். புதுப்பிக்கும்போது கேட்கும் மருத்துவச் சான்றிதழைத் தெருமுனையில் கையெழுத்து வாங்கி முடிக்காமல், கண், காது, பாதம் மூன்றையும் உண்மையாகவே பார்த்துக்கொள்ளும் நாளாக வைத்துக்கொண்டால் மேலே சொன்ன ஒப்பீட்டை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி போட்டுப் பார்த்த மாதிரி ஆகும்.

மெடிக்ளெயிமில் சாகச விளையாட்டு விலக்கு என்று ஒரு வரி இருக்கும். சீரமைக்கப்பட்ட வாசகப்படி அது தொழில்முறையாக ஈடுபடுவோருக்கானது, பொழுதுபோக்காகச் செய்கிறவருக்கு அல்ல. தனிநபர் விபத்து பாலிசிகளில் அந்த வரி வேறு மாதிரியும் இருக்கலாம், படித்துப் பாருங்கள். வண்டியோடு வரும் 15 லட்சம் விபத்துக் காப்பீடு செல்லுபடியாகும் உரிமம் இருந்தால்தான் கைக்கு வரும். சாலை விபத்து என்றால் 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி உண்டு.

விற்கும்போது படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு "அவர் மாத்திக்குவார்" என்று இருந்துவிடக் கூடாது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்றவரின் பொறுப்பு. ஆர்சியில் பெயர் யாருடையதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கியவர் விபத்து செய்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். நோ க்ளெயிம் போனஸ் சான்றிதழைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வையுங்கள், மூன்று வருடத்துக்குள் இன்னொரு இருசக்கர வாகனம் வாங்கினால் தள்ளுபடி தொடரும். ஜாக்கெட்டை, கையுறையை, பூட்ஸை வாங்குகிறவருக்கே கொடுத்துவிடலாம். ஐந்து வருடம் தாண்டிய ஹெல்மெட்டை மட்டும் வண்டியோடு சேர்த்து இனாமாகத் தள்ளிவிடாதீர்கள். தாடைவாரைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், எடுத்து மாட்டிக்கொள்ள யாருக்கும் வழியில்லாமல்.